நாச்சிமுத்து காரில் இன்னொரு ஆளுக்கு இடம்

வேலம்பூண்டியில் நாச்சிமுத்துவின் அம்பாசடர் கார் நிறைவதை நிறுத்திக்கொண்டது ஒரு புதன்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறானே என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். தாராபுரத்துக்கும் பழனிக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக விசில் ஊதியவன் நான். அன்றைக்கு எட்டு ஐந்துக்கு என் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் வந்து நின்றபோது, ஏற வேண்டிய ஆட்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

நெசவுக்கார அர்த்தநாரியின் மூத்த மகளுக்கு அன்று பழனியில் கல்யாணம். பேசி வைத்திருந்த வேன் வழியிலேயே படுத்துவிட்டது, முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம், ஊரில் இருந்த ஒரே கார் நாச்சிமுத்துவின் கிரீம் கலர் அம்பாசடர், அதுவே அப்போது பல கை மாறி வந்த பழைய வண்டி. முதலில் பெண்ணையும் அம்மாவையும் அத்தையையும் ஏற்றினார்கள், அப்புறம் சீர்த்தட்டோடு இரண்டு பேர், அப்புறம் தாய்மாமன், தாய்மாமன் வந்தால் அவர் சம்சாரம் வராமல் எப்படி, சம்சாரம் வந்தால் கைக்குழந்தையை எங்கே விடுவது என்று ஒருவர் பின்னால் ஒருவராகக் கதவோரம் வந்து நிற்க, நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார், தள்ளினார்கள், ஒருவர் உட்கார்ந்தார், "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார், தள்ளினார்கள், இன்னொருவர் உட்கார்ந்தார், அப்படியே தள்ளித் தள்ளி, நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் தவிலும் உட்பட முப்பத்தேழு பேர் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்கள். வெளியே கார் ஒரு விரற்கடை அகலவில்லை. டயர் அழுந்தவில்லை. பழனியில் இறங்கியபோது ஒருத்தி புடவையிலும் கசங்கல் இல்லை. பெண்ணின் அத்தைக்கு மட்டும் ஒரு மனக்குறை, அவளுக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லையாம்.

யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் யாருக்கு அதற்கெல்லாம் பொழுது இருக்கிறது? திரும்பி வரும்போதும் அதே முப்பத்தேழு பேர், கூடவே மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், மூன்று பந்திச் சோற்றுப் பாத்திரங்கள். மறுநாள் பேக்கரியில் டீ குடிக்கும்போதுதான் ஒருவர் இன்னொருவரிடம், "ஏனுங்க, நேத்து நாம அத்தன பேரும் எப்பிடிங்க உக்காந்தோம்?" என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "தள்ளி உக்காந்தமுங்க" என்றார். அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

அதன்பிறகு ஊர் அந்தக் காரைப் பழகிக்கொண்டது, புதிதாகப் போட்ட குழாயில் தண்ணீர் பிடிக்கப் பழகிக்கொள்வது மாதிரி. திங்கட்கிழமை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இருபது பேரும் தக்காளிக் கூடைகளும், செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு முப்பது பேர், தேர்தல் அன்று ஒரு தெரு முழுக்க, துக்கம் கேட்கப் போகும்போது ஒப்பாரி வைக்கிற அம்மாள்கள் தனி வரிசையாக, பத்தாம் வகுப்புப் பரீட்சை நாளில் ஒரு பள்ளிக்கூடமே மடியில் அட்டையை வைத்துக்கொண்டு படித்தபடி. இந்த ஜன்னலோரத்துக்காரர் அந்த ஜன்னலோரத்துக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும், நடுவில் இருப்பவர்கள் அதைக் கைமாற்றிக் கொடுப்பார்கள், போய்ச் சேரும்போது சேதி கொஞ்சம் மாறியிருக்கும். நடு சீட்டில் பார்த்துப் பேசி முடிந்த சம்பந்தங்கள் எனக்குத் தெரிந்தே நான்கு. ஒரு தடவை சோதனைச் சாவடியில் ஏட்டையா வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கி எண்ண ஆரம்பித்தார், மத்தியானத்தில் ஆரம்பித்த எண்ணிக்கை டீ வேளை வரைக்கும் முடியவில்லை, கடைசியில் அவர் பைக் பஞ்சராகிக் கிடந்ததால் அவரும் ஏறிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார்.

எனக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. மறைப்பானேன்? காலி பஸ்ஸில் நின்றுகொண்டு "உள்ள போங்க, உள்ள போங்க" என்று யாரைப் பார்த்துச் சொல்வது? ஆட்களை எண்ணுவது என் தொழில் என்பதால் ஒரு நாள் வேண்டுமென்றே அதில் ஏறி எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று வரை வந்தேன், அதற்குள் யாரோ இடம் மாறி உட்கார்ந்தார்கள், யாரோ முறுக்கு கொடுத்தார்கள், வாங்கித் தின்றதில் கணக்குத் தப்பிவிட்டது.

அந்தக் காருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு என்பது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. எங்கள் பக்கத்தில் பஸ் வந்து நிற்கும் முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பார்கள், துண்டு கிடந்தால் அந்த இடம் ஆளுடையது, கேள்வி கிடையாது. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் வெறுத்தது ஒன்றே ஒன்று என்றால் அந்தத் துண்டுதான், எத்தனை துண்டை உருவி எறிந்திருக்கிறேன், எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். ஒரு நாள் ரைஸ்மில்காரர் அதே பழக்கத்தில் அம்பாசடரின் ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். அவ்வளவுதான், கார் சட்டென்று வெறும் கார் ஆகிவிட்டது. உள்ளே இருந்த இருபத்தாறு பேரும் ஒருவர் மடியில் ஒருவர், ஒருவர் தலைமேல் இன்னொருவர், மூச்சு முட்டிக் கத்துகிறார்கள். ரைஸ்மில்காரர் ஓடிவந்து துண்டை எடுத்ததும்தான் எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்து மூச்சு விட்டார்கள். அன்றிலிருந்து நாச்சிமுத்துவின் காருக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

துண்டோடு சேர்த்து ஊர் தானாகவே இன்னொன்றையும் முடிவு செய்துகொண்டது. நாச்சிமுத்து வாயில் "இடமில்லை" என்ற சொல் ஒருநாளும் வரக்கூடாது, வந்தால் அன்றோடு இடம் போய்விடும். யார் சொன்னார்கள் என்று தெரியாது. நாச்சிமுத்துவும் அதை நம்பினார், பத்தொன்பது வருஷம் அந்தச் சொல்லை அவர் சொல்லவேயில்லை. வீட்டு டப்பாவில் சர்க்கரை வைக்க இடமில்லை என்றுகூடச் சொல்ல மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆனி மாதம் அவருடைய தம்பி சென்னியப்பன், திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருப்பவன், ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் ஊருக்கு வந்தான். மிளகாய்ப் பழச் சிவப்பு, இடுப்பு உயரம்கூட இல்லை, கதவைத் திறந்தால் கோழி இறக்கையை விரிப்பது மாதிரி மேலே விரியும், உள்ளே இரண்டே இரண்டு சீட். ஊர் அதைப் பார்த்த மாத்திரத்தில் தவளை என்று பெயர் வைத்துவிட்டது.

தவளையால் எங்கள் மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கிற வேகத்தடையைத் தாண்ட முடியவில்லை. வயிறு இடித்தது. அதனால் அது வரும்போதும் போகும்போதும் நான்கு பேர் பலகை போட்டுத்தான் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் அடுத்த ஒரு மாதம் பேக்கரியில் வேறு பேச்சே இல்லை, அம்பாசடரா தவளையா என்பதுதான். அம்பாசடர் கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம், தவளைக் கதவு சாத்தினதே தெரியாது. அம்பாசடரில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், தவளையில் கியரே இல்லை, விரலால் தட்டினால் போதும். அம்பாசடரில் முன்னாலும் ஒரே நீளமான சீட், தவளையில் ஆளுக்கொரு குழி. "நாலே செகண்டுல நூறு தொட்டுரும்" என்றான் சென்னியப்பன். அர்த்தநாரி டீயை ஆற்றிக்கொண்டே, "மூணாவது செகண்டுலயே வேகத்தடை வந்துருமே தம்பி" என்றார்.

கடைசியில் பந்தயமே வைத்துவிட்டார்கள், கோயிலிலிருந்து பழனி பைபாஸ் வரை. தவளை பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்து நின்றது. ஆனால் கைதட்ட வேண்டியவர்கள், மாலை போட வேண்டியவர்கள், ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அம்பாசடரில் வந்துகொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் சென்னியப்பன் வெயிலில் தனியாக நின்றான். வந்து இறங்கிய கூட்டம் அவனுக்கே மாலையைப் போட்டது, போட்டுவிட்டு, "இதுல யாரக் கூட்டிட்டுப் போவ தம்பி?" என்று கேட்டது. அவன் சிரித்துக்கொண்டு, "ஒவ்வொருத்தராக் கூட்டிட்டுப் போறனுங்க" என்றான்.

சொன்னபடியே செய்தான், அதையும் சொல்ல வேண்டும். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவரைப் பக்கத்துக் குழியில் உட்கார வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருவான். கண்ணாடி ஏறினால் அதற்குள் அப்படி ஒரு அமைதி, மெதுவாகப் போனால் பூனை மாதிரிதான் உறுமும். போனவர்கள் எல்லோரும் ஏதோ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்த முகத்தோடு இறங்கினார்கள். ரைஸ்மில்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார், இன்றுவரை அவர் என்ன சொன்னார் என்று சென்னியப்பன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நாச்சிமுத்துவின் சம்சாரம் மயிலாத்தாளுக்கு வருகிறேன். எனக்கு அப்போது தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல நீங்களும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அந்த அம்மாளுக்கு ஒரு வருஷமாகக் காது மங்கிக்கொண்டு வந்தது. ஆடி மாதத்தில் தலைவலிக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கொழுந்தனாரோடு தவளையில் தாராபுரம் போய்க் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். இடது காது போய்விட்டது, வலது காது தை மாதம் வரை தாக்குப்பிடித்தால் அதிகம், கருவி வைத்தாலும் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் சென்னியப்பன் ஏதோ ஆறுதல் சொல்ல, அந்த மூடிய காருக்குள் ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதும் அழுதுவிட்டார்.

"ஏனுங்க அண்ணி, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லீங்க கொழுந்தனாரே. உங்க அண்ணன் பேசறத நான் இப்பிடிக் கேட்டு எத்தன வருசமாச்சு தெரியுமா?"

"அண்ணன் எங்கீங்க பேசறாரு? தள்ளிக்கங்கன்னு ஒரே வார்த்ததான?"

"கல்யாணமான புதுசுல பேசுவாருங்க. வாய் ஓயாது. வண்டில ஆளு சேரச் சேரத்தான் பேச்சு கொறஞ்சுபோச்சு."

அது உண்மைதான். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ஒரு தடவைகூட அந்தக் காரில் போனதில்லை. கோயிலுக்கு என்று இரண்டு பேராகக் கிளம்பினால் தெருமுனையில் ஒருவர் கை காட்டுவார், நாச்சிமுத்து நிறுத்துவார், ஊர் எல்லை தாண்டும்போது பதினைந்து பேர். மயிலாத்தாள் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியாக ஏறுகிற சுபாவம், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காருவார், அது பெரும்பாலும் புருஷனிடமிருந்து இருபது ஆள் தள்ளி இருக்கும். அந்த இரைச்சலில் அவருக்கு இப்போதெல்லாம் வெறும் வண்டு சத்தம்தான். வீட்டிலோ, நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்க வாசலில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள். காது இருக்கும்போதே புருஷன் பேசி ஒரு நாள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதைச் சொல்லத்தான் தனியாக ஒரு மணி நேரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

சென்னியப்பன் ஒரு வியாழக்கிழமை காலையில் தவளையின் சாவியை அண்ணன் கையில் வைத்தான். "அண்ணியக் கூட்டிட்டுப் பழனி போயிட்டு வாண்ணா" என்றான்.

"இதுல ரெண்டு பேருக்குத்தானடா எடம்?"

"அதுக்குத்தாண்ணா."

பலகை போட்டு இறக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான மைல் வேகத்துக்குப் பிறந்த அந்த வண்டியை நாச்சிமுத்து முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து முப்பதில் ஓட்டிக்கொண்டு போனார். மயிலாத்தாள் முதலில் காதைப் பற்றிச் சொன்னார். நாச்சிமுத்துவுக்குப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, எந்தப் பேச்சை முதலில் எடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தார். தேடி எடுத்து, "மயிலு" என்று ஆரம்பித்த நேரத்தில், பழனி ரோட்டுப் புளியமர நிறுத்தத்தில், உச்சி வெயிலில், மூட்டுவலி மருந்துப் பையோடு நின்றிருந்த ஒரு கடன்காரப் பயல் கையை நீட்டினான்.

அந்தப் பயல் நான்தான்.

பழக்க தோஷம், நாச்சிமுத்து நிறுத்திவிட்டார். கண்ணாடி இறங்கியது. "கொஞ்சம் தள்ளிக்க மயிலு" என்றார். அந்த அம்மாளும் பாவம், தோள் கதவில் பதியத் தள்ளி உட்கார்ந்தார். அந்தக் குழி ஒரு ஆளுக்குச் செய்த குழி, அது விரியவில்லை, சுருங்கவில்லை. நாச்சிமுத்து அந்தக் குழியைப் பார்த்தார், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, தண்ணீரில் குதிக்கிறவர் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்.

"இடமில்லைங்க கண்டக்டரே."

கண்ணாடி ஏறிவிட்டது, வண்டி போய்விட்டது. நான் அரை மணி நேரம் வெயிலில் காய்ந்து, பஸ் பிடித்து, ஊர் வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பேக்கரிக்குப் போய், "நாச்சிமுத்து இடமில்லைன்னு சொல்லிட்டான்" என்று ஊரைக் கூட்டிவிட்டேன். எனக்கு அன்று இருந்த ஆத்திரத்தில் ஏன் சொன்னார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. இடம் இல்லை என்று ஆயிரம் பேரைக் கீழே நிறுத்திய கண்டக்டர், தன்னிடம் ஒருவர் அதைச் சொன்னதும் அப்படிக் குதித்தேன்.

மறுநாள் அர்த்தநாரியின் கடைசிப் பேரனுக்குப் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்து. காலையில் அம்பாசடரைச் சுற்றி ஊரே நின்றது. முன் சீட்டில் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் அர்த்தநாரி, பின்னால் குழந்தையோடு பெண்கள் மூன்று பேர். ஐந்து பேர் ஆயிற்று. ஆறாவதாக ஏற வேண்டியவர் தாய்மாமன், அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நிற்கிறார். ஏறி, இடம் வராமல் போய்விட்டால்? யாருக்கும் முதலில் ஏறிப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

"வாயில வந்துருச்சே, இனி எடம் எங்கிருந்துங்க வரும்?" என்றார் அர்த்தநாரி. நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் "தள்ளிக்கங்க" என்று சொல்லவில்லை. சொல்ல இனித் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துவிட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மயிலாத்தாள் கூட்டத்தின் கடைசியில், எப்போதும் போல எல்லோரும் ஏறட்டும் என்று மஞ்சப்பையோடு நின்றிருந்தார், சுற்றி நடப்பது எதுவும் அவர் காதில் விழவில்லை.

சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "கண்டக்டரண்ணா, நேத்து நீங்க வெயில்ல நின்னது அர மணி நேரமுங்க. எங்க அண்ணி பத்தொம்பது வருசமா நிக்கறாங்க" என்றான். அப்புறம் காது, டாக்டர், தை மாதம், எல்லாவற்றையும் சொன்னான். நேற்று நான் கை காட்டிய பிறகு என்ன ஆயிற்று என்றும் சொன்னான். எனக்கு இடமில்லை என்று சொன்ன வருத்தத்தில் அண்ணனுக்குப் பேச்சே வரவில்லையாம், பழனி வரை போய், சாமியைக் கும்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்களாம்.

எனக்குக் கூசிப் போய்விட்டது. ஒரு மனுஷிக்குக் காது கேட்கிற கடைசிக் காலத்தில் ஒரு மணி நேரத்தை நான் புளியமரத்தடியில் நின்று பிடுங்கியிருக்கிறேன், பிடுங்கியதும் அல்லாமல் அதை ஊருக்கெல்லாம் ஒலிபரப்பியிருக்கிறேன்.

நான் போய் முன் கதவைத் திறந்தேன். "அர்த்தநாரி, எந்திரிங்க" என்றேன். என் குரலில் பழைய கண்டக்டர் இருந்ததால் அவர் கேள்வி கேட்காமல் எழுந்துவிட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன், உதறினேன், நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் அந்த நீளச் சீட்டில் விரித்துப் போட்டேன்.

கூட்டம் அலறியது. "கண்டக்டரே, துண்டு! துண்டு!" ரைஸ்மில்காரர் என் கையையே பிடித்துவிட்டார்.

"எனக்குப் போடல" என்றேன். "அந்தம்மாவுக்குப் போடறேன்."

மயிலாத்தாளைக் கூப்பிட்டேன், கேட்கவில்லை. எதிரே போய் நின்று கும்பிட்டு, கையால் முன் சீட்டைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, முன்னால் ஆண்கள் உட்காருகிற இடம் அல்லவா, பத்தொன்பது வருஷத்தில் அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. சென்னியப்பன் பையை வாங்கிக்கொண்டான். போய்த் துண்டின்மேல் ஒடுங்கி உட்கார்ந்தார். நாச்சிமுத்து அப்போதுதான் தலையைத் திருப்பினார்.

எல்லோரும் பின் சீட்டைப் பார்த்தோம். கார் வெறும் காராகி எல்லோரையும் நசுக்கப் போகிறது என்று பெண்கள் குழந்தையை இறுக்கிக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. துண்டு கிடந்தது, கார் சும்மா இருந்தது. நான் தாய்மாமனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவுக்குள் தலையை நுழைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் "உள்ள போங்க" என்று விரட்டிய இந்த வாயால் முதல் தடவையாகச் சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க."

தள்ளினார்கள். இடம் வந்தது. தாய்மாமன் உட்கார்ந்தார், அவர் சம்சாரம் உட்கார்ந்தார், அர்த்தநாரி உட்கார்ந்தார், ரைஸ்மில்காரர் உட்கார்ந்தார், நான் உட்கார்ந்தேன், ஒவ்வொருவரும் ஏறியவுடன் அடுத்தவருக்கு அவரே "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார், தெருவே உட்கார்ந்தது. இடம் நாச்சிமுத்து வாயில் இருந்து வரவில்லை என்பது பத்தொன்பது வருஷம் கழித்து எங்களுக்கு உறைத்தது. தள்ளி உட்கார்ந்தவர்கள் நாங்கள்தானே.

வண்டி கிளம்பியதும் வழக்கம்போல இரைச்சல் ஆரம்பித்தது. நான் பக்கத்தில் இருந்தவர் காதில், "முன்னால அந்தம்மாவுக்குக் காது போயிட்டிருக்குது. அவர் பேசி அவங்க கேக்கட்டும், சத்தம் போடாதீங்க" என்றேன். அவர் அவருக்குப் பக்கத்தில் சொன்னார். அந்தக் காரில் சேதி கைமாறும்போது எப்போதும் கொஞ்சம் மாறிவிடும், அன்றைக்கு மட்டும் ஒரு எழுத்து மாறாமல் அந்தக் கடைசி ஜன்னல் வரை போய்ச் சேர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாது. முறுக்கைக் கடிக்காமல் வாயிலேயே ஊற வைத்திருந்தார்கள். குழந்தைகூட அழவில்லை.

நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்தார். ரொம்ப தூரம் போனார். காற்றாலைகள் வரிசையாக நிற்கிற இடம் வந்தது.

"மயிலு" என்றார்.

"சொல்லுங்க."

"அங்க பாரு. எல்லாக் காத்தாடியும் சுத்துது, அந்த ஒண்ணு மட்டும் சும்மா நிக்குது."

"ஆமாங்க. உங்களாட்டவே" என்றார் மயிலாத்தாள். கேட்டிருக்கிறது. ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது.

நாச்சிமுத்து சிரித்தார், அதற்குப் பிறகு பழனி வரை அவர் வாய் ஓயவில்லை. என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். ஐம்பது பேரும் கேட்டோம், ஆனால் அது எங்களுக்காகப் பேசியது இல்லை.

தை பிறந்தது, பத்து நாளில் அந்த அம்மாளுக்குக் காது முழுக்கப் போய்விட்டது. அதுவரை ஆறு மாதம், தினமும், சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், எங்கள் ஊர் அந்தக் காரில் வாயைத் திறக்கவில்லை. நாச்சிமுத்து பேசிக்கொண்டே ஓட்டினார், பத்தொன்பது வருஷப் பாக்கியையும் பேசினார். அந்த ஆறு மாதத்துக்காக நான் அம்பாசடரைக் கும்பிடுகிறேன். தவளையையும் கும்பிடுகிறேன். ரெண்டு பேர்தான், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று அது அன்றைக்கு எனக்குக் கறாராகச் சொல்லியிருக்காவிட்டால், மயிலாத்தாளுக்கு ஒரு இடம் வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இப்போது சென்னியப்பன் ஊருக்கு வந்தால் வேகத்தடைக்குப் பலகை போடுகிற நான்கு பேரில் ஒருவன் நான், மூட்டுவலியோடுதான் போடுகிறேன்.

துண்டு இன்னும் அந்த முன் சீட்டில்தான் கிடக்கிறது, துவைப்பதற்கு மட்டும் எடுப்பேன். மயிலாத்தாள் அதன்மேல் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து புருஷன் வாயசைவைப் பார்த்துக்கொண்டு வருவார், நாச்சிமுத்து பேசிக்கொண்டே ஓட்டுவார். இனி நாங்கள் சத்தம் போட்டாலும் அந்த அம்மாளுக்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் யாரும் பேசுவதில்லை. நேற்றுக்கூட புளியமர நிறுத்தத்தில் யாரோ வெளியூர் ஆள் கை காட்டினார், நாச்சிமுத்து பேச்சை விடாமலே வண்டியை நிறுத்தினார், யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்கள் நாற்பது பேரும் தள்ளி உட்கார்ந்தோம்.